ஒரெக்ஸின் எங்கே இருக்கிறது? எலி மூளையில் ஒரு பெப்டைடின் வரைபடமும் அதன் நம்பகமும்

எலியின் மூளை சுமார் 2 கிராம் எடை. அதற்குள் ஏறத்தாழ 20 கோடி நரம்பணுக்கள். அவற்றில் ஒரெக்ஸின் என்னும் நியூரோபெப்டைடைச் சுரப்பவை சில ஆயிரம்தான். அவையும் மூளையின் அடிப்பாகத்தில், ஹைப்போதலாமஸின் பக்கவாட்டுப் பகுதியில், ஒரே இடத்தைச் சுற்றித் திரண்டு கிடக்கின்றன. ஆனால் அவற்றின் இழைகள் முன்னே முகர்வுக் குமிழ் தொடங்கிப் பின்னே தண்டுவடத்தின் கடைசிவரை ஓடுகின்றன. ஒரு பெப்டைடு எங்கே பிறக்கிறது, எங்கே போய்ச் சேர்கிறது என்று வரைந்து வைப்பதால் என்ன பயன் என்று கேட்பவருக்கு எடுத்துச் சொல்ல இதைவிட நல்ல கதை கிடையாது. ஒரெக்ஸினின் வேலை என்ன என்பதை, அதைக் கண்டெடுத்தவர்களின் முதல் ஊகத்தைவிட அதன் வரைபடம் சரியாகச் சொன்னது. அதே வரைபடத்தைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பினால் எங்கே சறுக்கும் என்பதையும் இதே பெப்டைடு காட்டிக் கொடுக்கிறது.

பசியிலிருந்து விழிப்புக்கு

1998இன் தொடக்கத்தில் ஒன்றையொன்று அறியாத இரண்டு குழுக்கள் ஒரே பொருளைக் கண்டறிந்து அறிவித்தன. கலிபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் ஆய்வு நிலையத்தில் லூயிஸ் டி லெசியா, கிரெகர் சட்க்ளிஃப் ஆகியோர், மூளையின் பிற பகுதிகளில் இல்லாமல் ஹைப்போதலாமஸில் மட்டும் செயல்படும் மரபணுக்களைச் சலித்தெடுத்தபோது இது அகப்பட்டது. அவர்கள் ஹைப்போகிரெட்டின் என்று பெயரிட்டார்கள். டல்லாஸில் டக்கேஷி சக்குராய், மசாஷி யானகிசாவா குழு வேறு வழியில் வந்தது. எந்தப் பொருள் வந்து ஒட்டும் என்று தெரியாமல் கிடந்த ஏற்பிகளை எடுத்துக்கொண்டு, எலி மூளைச் சாற்றில் அவற்றுக்குப் பொருந்துவதைத் தேடினார்கள். கிடைத்ததை எலியின் மூளை அறைக்குள் செலுத்தியதும் அது அதிகம் தின்றது. பட்டினி போட்டால் இந்த மரபணுவின் தூது ஆர்.என்.ஏ. கூடியது. எனவே ஒரெக்ஸின் என்று, பசியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பெயர் வந்தது. இரண்டு பெயர்களும் இன்றுவரை புழக்கத்தில் இருக்கின்றன. ஒரே முன்னோடிப் புரதத்திலிருந்து 33 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரெக்ஸின்-ஏ, 28 கொண்ட ஒரெக்ஸின்-பி என இரண்டு பெப்டைடுகள் வெட்டி எடுக்கப்படுகின்றன.

பசி என்று நினைத்ததில் யாரையும் குறை சொல்ல முடியாது. 1951இல் யேல் பல்கலைக்கழகத்தில் ஜான் புரோபெக்குடன் பணியாற்றிய இந்தியரான பால கிருஷ்ண ஆனந்த், எலியின் ஹைப்போதலாமஸைப் பக்கவாட்டில் இரண்டு புறமும் சிதைத்தால் அது தின்பதையே நிறுத்திவிடுகிறது என்று காட்டியிருந்தார். பின்னாளில் டெல்லி எய்ம்ஸில் உடலியங்கியல் துறையை வளர்த்தவர் அவர். அந்த ஆய்வுக்குப் பிறகு பக்கவாட்டு ஹைப்போதலாமஸுக்கு ‘உணவு மையம்’ என்ற பட்டம் நிலைத்துவிட்டது. உணவு மையத்தில் ஒரு புதிய பெப்டைடு கிடைத்தால் அது பசியைத் தூண்டுவது என்று கொள்வது இயல்புதான். ஆனால் அதே வட்டாரத்துக்கு இன்னொரு பழைய வரலாறும் உண்டு. முதல் உலகப் போர்க்காலத்தில் பரவிய தூக்க நோயில் இறந்தவர்களின் மூளைகளை வியன்னாவில் ஆராய்ந்த கான்ஸ்டன்டின் வான் எகனமோ, ஹைப்போதலாமஸின் பின்புறம் பழுதானவர்கள் தூங்கிக்கொண்டே இருந்தார்கள் என்று குறித்து வைத்திருந்தார். 1998இல் பெரும்பாலோர் நினைவில் முன்னே வந்தது ஆனந்தின் எலிகள். எகனமோவின் நோயாளிகள் இல்லை.

அந்த ஆண்டின் இறுதியில் கிறிஸ்டெல் பெய்ரோனும் சகாக்களும் எலி மூளை முழுவதற்குமான முதல் விரிவான வரைபடத்தை வெளியிட்டார்கள். அணுக்கள் இருந்த இடம் எதிர்பார்த்ததுதான்: ஃபோர்னிக்ஸ் என்னும் நரம்புக் கற்றையைச் சுற்றியும் அதன் பக்கவாட்டிலும். இழைகள் போன இடம்தான் வியப்பு. ஹைப்போதலாமஸுக்கு வெளியே மிக அடர்த்தியாக அவை போய்ச் சேர்ந்தது லோகஸ் செருலியஸ் என்னும் சிறு நீலத் திட்டில். எலியில் ஒரு பக்கத்துக்குச் சுமார் 1,500 நரம்பணுக்களே கொண்ட அந்தத் திட்டுதான் பெருமூளைப் புறணிக்கு நார்அட்ரினலின் அனுப்பும் தலைமையிடம்; விலங்கு விழித்திருக்கும்போது துடிப்பாகவும் கனவுத் தூக்கத்தில் அடங்கியும் இருப்பது. அடுத்து, செரட்டோனின் சுரக்கும் ரஃபே கருக்கள். தாலமஸின் நடுக்கோட்டுக் கருக்கள், மூளைத் தண்டின் சாம்பல் பகுதி, இரத்த அழுத்தச் செய்திகள் வந்து சேரும் தனிக்கற்றைக் கரு எனப் பட்டியல் நீண்டது. இரத்த அழுத்தம், உடல் வெப்பம், நாளமில்லாச் சுரப்பிகள், தூக்கம்-விழிப்பு ஆகியவற்றில் இதற்குப் பங்கு இருக்க வேண்டும் என்று அவர்கள் எழுதினார்கள். அடுத்த ஆண்டு வான் டென் போல், தண்டுவடத்தின் எல்லா மட்டங்களிலும் இந்த இழைகள் இருப்பதைக் காட்டினார். இவ்வளவு பரவலாகப் பேசும் ஒரு அமைப்புக்கு வேலை வெறும் சோறு தின்னச் சொல்வதாக இருக்க முடியாது.

1999 ஆகஸ்டில் வரைபடம் சொன்னது இரண்டு பக்கமிருந்தும் உறுதியானது. ஸ்டான்ஃபோர்டில் எம்மானுவேல் மிக்னோவின் குழு, நார்கோலெப்ஸி என்னும் அடக்க முடியாத தூக்கக் கோளாறு பரம்பரையாகக் கொண்ட டோபர்மேன், லாப்ரடார் நாய்களின் மரபணுவைப் பல ஆண்டுகள் தேடி, ஒரெக்ஸினின் இரண்டாவது ஏற்பியில் பழுதைக் கண்டது. டல்லாஸ் குழு ஒரெக்ஸின் மரபணு நீக்கிய சுண்டெலிகளை, எவ்வளவு தின்கின்றன என்று பார்ப்பதற்காக, இரவில் அகச்சிவப்புக் கேமராவில் பதிவுசெய்தது. ஓடிக்கொண்டிருந்த சுண்டெலிகள் திடீரென்று சுருண்டு விழுந்தன; சற்று நேரத்தில் எதுவும் நடக்காததுபோல் எழுந்து நடந்தன. மறு ஆண்டு மனிதர்களின் முறை. நார்கோலெப்ஸி நோயாளிகள் ஒன்பது பேரில் ஏழு பேரின் மூளைத் தண்டுவட நீரில் இந்தப் பெப்டைடு கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்திருந்தது. இறந்த நோயாளிகளின் மூளைகளில் 85 முதல் 95 விழுக்காடு வரை ஒரெக்ஸின் அணுக்களைக் காணவில்லை. அவற்றோடு இடைகலந்து கிடக்கும் எம்.சி.எச். பெப்டைடு அணுக்களுக்கோ ஒன்றும் ஆகவில்லை.

அந்தக் கடைசி வரிக்குப் பின்னாலும் எலி வரைபடம்தான் இருக்கிறது. ஒரெக்ஸின் அணுவும் எம்.சி.எச். அணுவும் ஒரே வட்டாரத்தில் வாழ்ந்தாலும் வேறுவேறு அணுக்கள் என்று 1998லேயே பெய்ரோன் குழு காட்டியிருக்காவிட்டால், ‘அந்தப் பகுதியே அழிந்தது’ என்பதற்கும் ‘அந்த அணுக்கள் மட்டும் போயின’ என்பதற்கும் வேறுபாடு தெரிந்திருக்காது.

ஒன்றில் மூன்று வரைபடங்கள்

‘பெப்டைடு எங்கே இருக்கிறது’ என்று ஒரே கேள்வியாகக் கேட்கிறோம். உண்மையில் அதில் மூன்று கேள்விகள் இருக்கின்றன. எங்கே தயாராகிறது, எங்கே கிடக்கிறது, எங்கே அதைக் கேட்க ஆள் இருக்கிறது. மூன்றுக்கும் மூன்று முறைகள். மூன்றும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும் என்ற கட்டாயமில்லை.

தயாராகும் இடத்தை அறிய, அதன் தூது ஆர்.என்.ஏ.வோடு ஒட்டும் மரபிழைத் துண்டை மூளைச் சீவல்மேல் விடுகிறார்கள். ஆர்.என்.ஏ. பெரும்பாலும் அணுவின் உடலிலேயே தங்குவதால் இந்த வரைபடத்தில் இழைகள் தெரியாது. பெப்டைடையே காண வேண்டுமானால் ஆன்டிபாடி வேண்டும். எலியை மயக்கி, இதயத்தின் வழியே ஃபார்மால்டிஹைடு கரைசலை ஓடவிட்டு மூளையைப் பதப்படுத்தி, உறையவைத்து, 30 அல்லது 40 மைக்ரான் தடிமனில் சீவுவார்கள். ஆன்டிபாடி பெப்டைடில் போய் ஒட்டியதும் நிறமேற்றினால், அணுக்களும் இழைகளும் பழுப்பாகவோ ஒளிர்ந்தோ தெரியும். அந்த நூற்றுக்கணக்கான சீவல்களை நுண்ணோக்கியில் ஒவ்வொன்றாகப் பார்த்து, அட்லஸோடு ஒப்பிட்டுக் கையால் வரைந்த காலம் உண்டு. ஜார்ஜ் பாக்சினோஸும் சார்லஸ் வாட்சனும் 1982இல் வெளியிட்ட எலி மூளை அட்லஸ் இல்லாத ஆய்வகம் அரிது.

இதில் ஒரு சிக்கல். பெப்டைடு அணுவின் உடலில் உருவானதும் இழை வழியே விரைவாகக் கிளம்பிவிடும். பல பெப்டைடுகளில் இழைகள் பளிச்சென்று தெரியும். அவற்றின் சொந்தக்கார அணுக்கள் தெரியாது. இதற்குக் கொல்கிசினை மூளைக்குள் செலுத்தி இழைவழிப் போக்குவரத்தை நிறுத்திவிடுவார்கள். ஓரிரு நாளில் அணு பெப்டைடால் நிரம்பித் தெரிய வரும். ஆனால் கொல்கிசின் நஞ்சு. எலி நோயுறுகிறது, அதன் அணுக்கள் மரபணுக்களை வழக்கம்போல் இயக்குவதில்லை. நலமான எலியில் இல்லாத பெப்டைடு நஞ்சுண்ட எலியில் தோன்றினால் அதை எந்தக் கணக்கில் வைப்பது? 1970, 80களின் பல வரைபடங்களை இந்தக் கேள்வியோடுதான் வாசிக்க வேண்டும்.

ஆன்டிபாடி சொல்லும் பொய்கள்

ஆன்டிபாடிக்குப் பெப்டைடின் பெயர் தெரியாது. ஐந்தாறு அமினோ அமிலங்களின் வடிவம்தான் தெரியும். அதே வடிவம் வேறொரு புரதத்தில் இருந்தால் அங்கும் போய் ஒட்டும்.

பக்கவாட்டு ஹைப்போதலாமஸ் இந்த ஏமாற்றுக்குப் பேர்போன இடம். 1979இல் ஸ்டான்லி வாட்சனும் ஹூடா அகிலும் எலி ஹைப்போதலாமஸில் ஆல்ஃபா-எம்.எஸ்.எச். என்ற பெப்டைடைக் கொண்ட இரண்டு அணுக் கூட்டங்களைக் காட்டினார்கள். முதல் கூட்டத்தில் அதற்குரிய முன்னோடிப் புரதம் இருந்தது. பக்கவாட்டில் இருந்த இரண்டாவது கூட்டத்தில் இல்லை. முன்னோடி இல்லாமல் பெப்டைடு எப்படி வந்தது? பத்தாண்டுகள் கழித்து, 1989இல், எலியின் எம்.சி.எச். மரபணு படிக்கப்பட்டபோது விடை கிடைத்தது. எம்.சி.எச். முன்னோடிப் புரதத்துக்குள் இன்னொரு சிறு பெப்டைடும் ஒளிந்திருந்தது. அதன் வால்பகுதி ஆல்ஃபா-எம்.எஸ்.எச். போலவே இருந்ததால் ஆன்டிபாடி மயங்கிவிட்டது. இரண்டாவது கூட்டம் எம்.சி.எச். அணுக்கள்தான். 1992இல் சாவோ பாவ்லோவைச் சேர்ந்த ஜாக்சன் பிட்டன்கோர்ட்டும் கலிபோர்னிய சகாக்களும் ஆர்.என்.ஏ. முறையையும் ஆன்டிபாடியையும் இணைத்து அந்த அமைப்பை முழுதாக வரைந்தார்கள். இன்றும் அதுவே அடிப்படை.

ஒரெக்ஸின் அணுக்களே ஒருமுறை வேறு பெயரில் வரைபடத்தில் ஏறியிருந்தன என்பது இதைவிடச் சுவையானது. 1990களின் தொடக்கத்தில், செம்மறியாட்டின் புரோலாக்டினுக்கு எதிரான ஆன்டிபாடி எலியின் பக்கவாட்டு ஹைப்போதலாமஸில் ஒரு அணுக் கூட்டத்தைச் சாயமேற்றியது. ‘புரோலாக்டின் போன்ற பொருள்’ என்று எச்சரிக்கையோடு எழுதி வைத்தார்கள். 1999இல் பிரான்சின் பெசான்சோன் குழு, அந்த அணுக்களும் ஒரெக்ஸின் அணுக்களும் ஒன்றே என்று காட்டியது. அதாவது, பெப்டைடு கண்டுபிடிக்கப்படுவதற்குச் சில ஆண்டுகள் முன்பே அதன் இருப்பிடம் படத்தில் பதிவாகிவிட்டது. ‘போன்ற’ என்ற அந்த ஒரு சொல்லைச் சேர்த்தவர்களின் நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது. அந்தப் படம் இன்றும் செல்லுபடியாவது அதனால்தான்.

இப்படிப்பட்ட அனுபவங்களின் விளைவாக 2003இல் கிளிஃபர்ட் சேப்பரும் பால் சாச்சென்கோவும் ‘ஜர்னல் ஆஃப் கம்பாரட்டிவ் நியூராலஜி’ இதழில் ஆன்டிபாடிச் சோதனைக்கான விதிகளை வகுத்தார்கள். மிக வலுவான சோதனை எளிமையானது: அந்த மரபணு நீக்கிய சுண்டெலியின் மூளையில் அதே ஆன்டிபாடியைப் போட்டுப் பார். அங்கும் நிறம் பிடித்தால் ஆன்டிபாடி பொய். ஒரெக்ஸின் ஆன்டிபாடிகளில் நல்லவை இதில் தேறிவிட்டன. ஏற்பிகளுக்கான ஆன்டிபாடிகளின் நிலை மோசம்; கடையில் விற்பவற்றில் பல, ஏற்பியே இல்லாத சுண்டெலியிலும் அழகாகச் சாயமேற்றுகின்றன.

எத்தனை அணுக்கள்?

எலியில் ஒரெக்ஸின் அணுக்கள் எத்தனை? ஆயிரத்துச் சொச்சம் என்பதிலிருந்து பல ஆயிரம் வரை எண்கள் அச்சேறியிருக்கின்றன. சீவலின் தடிமன், எத்தனையாவது சீவலை எண்ணினார்கள், வெட்டில் இரண்டாகப் பிளந்த அணுவை இருமுறை எண்ணாமலிருக்க என்ன திருத்தம் செய்தார்கள் என எல்லாம் எண்ணை மாற்றும். இவை கணக்கு வழக்குப் பிழைகள், திருத்திவிடலாம். திருத்த முடியாத சிக்கல் வேறு.

2018இல் லாஸ் ஏஞ்சலிஸில் தாமஸ் தன்னிக்கல், ஜெரோம் சீகல் குழு, ஹெராயினுக்கு நெடுநாள் அடிமையாயிருந்து இறந்தவர்களின் மூளைகளை ஆராய்ந்தது. மற்றவர்களைவிட அவர்களிடம் 54 விழுக்காடு அதிக ஒரெக்ஸின் அணுக்கள் எண்ணப்பட்டன. சுண்டெலிகளுக்குத் தொடர்ந்து மார்ஃபின் கொடுத்தபோது அவற்றிலும் எண்ணிக்கை ஏறியது. நிறுத்திய பிறகும் பல வாரங்கள் இறங்கவில்லை. புதிய அணுக்கள் பிறக்கவில்லை என்று தனியே சோதித்து உறுதிசெய்தார்கள். ஏற்கெனவே இருந்தவை, ஆனால் ஆன்டிபாடிக்குத் தெரியாத அளவுக்குக் குறைவாகப் பெப்டைடு வைத்திருந்தவை, இப்போது தெரிந்தன. மக்கள்தொகைக் கணக்கெடுப்பாளர் கதவைத் தட்டும் நேரத்தில் வீட்டில் இருப்பவர்தான் கணக்கில் ஏறுவார் என்பது போலத்தான் இது. அந்த ஆய்வகமே முந்தைய ஆண்டில், கண்ணுக்குத் தெரியும் ஒரெக்ஸின் அணுக்களின் எண்ணிக்கை நாளின் நேரத்தைப் பொறுத்தும் மாறுகிறது என்று எழுதியிருந்தது. எலியை எத்தனை மணிக்குக் கொன்றார்கள் என்று குறிப்பிடாத கட்டுரையின் எண்ணை அடுத்த கட்டுரையின் எண்ணோடு ஒப்பிடுவதில் பொருளில்லை.

கேட்கும் பக்கம்

2001இல் ஜேக்கப் மார்கஸும் சகாக்களும் ஒரெக்ஸினின் இரண்டு ஏற்பிகளின் ஆர்.என்.ஏ.வையும் எலி மூளையில் அருகருகே வைத்து வரைந்தார்கள். லோகஸ் செருலியஸில் முதல் ஏற்பி கொழிக்கிறது. ஹிஸ்டமின் சுரக்கும் டியூபெரோமாமிலரி கருவில் இரண்டாவது. நாய்களில் பழுதானது இரண்டாவது ஏற்பி என்பதை நினைவில் கொண்டால், அடர்த்தியான இழைகள் போகும் இடமே முக்கியமான இடம் என்ற எளிய வாசிப்பு ஆட்டம் காண்கிறது. 1998 வரைபடத்தின் உச்சம் லோகஸ் செருலியஸ்; நோய்க்கு வழிவிட்டதோ அங்கே பெரிதாக இல்லாத ஏற்பி. தூக்க மருந்தாக 2014இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற சுவோரெக்ஸன்ட் இரண்டு ஏற்பிகளையும் அடைக்கும் மருந்து.

பெப்டைடு இருக்கும் இடமும் ஏற்பி இருக்கும் இடமும் பொருந்தாதது ஒரெக்ஸினுக்கு மட்டும் நேர்ந்ததன்று. மைல்ஸ் ஹெர்கென்ஹாம் 1987லேயே இந்தப் பொருத்தமின்மையைத் தொகுத்து எழுதினார். பெப்டைடு, நரம்பிடைவெளியில் மட்டும் சொட்டிவிட்டு நிற்பதில்லை; கசிந்து பரவி, தொலைவிலுள்ள அணுவையும் எட்டும். எனவே இழை வரைபடம் அனுப்பும் இடத்தைக் காட்டுகிறது. சென்றடையும் எல்லையைக் காட்டுவதில்லை.

புதிய கருவிகள், புதிய பொறிகள்

2006இல் முடிந்த ஆலன் மூளை அட்லஸ், சுண்டெலியின் ஏறத்தாழ 20,000 மரபணுக்களின் ஆர்.என்.ஏ. எங்கெங்கே என்று இணையத்தில் இலவசமாக வைத்தது. 2013க்குப் பிறகு மூளையைச் சீவாமலே கண்ணாடிபோல் தெளிவாக்கி முழுதாகப் படமெடுக்கும் முறைகள் வந்தன. 2023 டிசம்பரில், நாற்பது லட்சம் தனித்தனி அணுக்களின் ஆர்.என்.ஏ.வைப் படித்துச் சுண்டெலி மூளையை 5,300க்கும் மேற்பட்ட அணு வகைகளாகப் பிரித்த பட்டியல் வெளியானது. 2019இல் ஸ்டீஃபன் ஸ்மித் குழு இதே வகைத் தரவைக் கொண்டு, சுண்டெலியின் பெருமூளைப் புறணியில் ஏறக்குறைய எல்லா நரம்பணுக்களும் ஏதாவது ஒரு நியூரோபெப்டைடு மரபணுவையாவது இயக்குகின்றன என்று காட்டியது. பெப்டைடுகளை ஹைப்போதலாமஸின் தனிச்சொத்தாக எண்ணிய பழக்கம் அதோடு முடிந்தது.

ஆனால் ஆர்.என்.ஏ. பெப்டைடு ஆகாது. பிட்யூட்டரியின் முன்பகுதியில் பி.ஓ.எம்.சி. என்னும் முன்னோடிப் புரதம் ஏ.சி.டி.எச். ஹார்மோன் ஆகிறது, அதே புரதம் ஹைப்போதலாமஸில் இன்னும் நறுக்கப்பட்டு ஆல்ஃபா-எம்.எஸ்.எச். ஆகிறது. மரபணுப் பட்டியலில் இரண்டும் ஒரே வரிதான். மரபணு மாற்றிய சுண்டெலிகளில் இன்னொரு பொறி. ஒரு மரபணு ஒருமுறை இயங்கினாலும் அந்த அணு ஆயுளுக்கும் ஒளிரும்படி செய்வது வழக்கம். பசியடக்கும் பி.ஓ.எம்.சி. அணுக்களை இப்படி ஒளிரவைத்தபோது, கருவில் அந்த மரபணுவைச் சற்றுக் காலம் இயக்கிவிட்டு, வளர்ந்தபின் பசியைத் தூண்டும் எதிர்முகாமுக்குப் போய்விட்ட அணுக்களும் சேர்ந்து ஒளிர்ந்ததை 2010இல் லோரி ஜெல்ட்சர் குழு கண்டது. வரைபடத்தில் அந்த அணுவின் இன்றைய வேலையோடு அதன் பழைய வேலையும் கலந்துவிடுகிறது.

எலியிலிருந்து மனிதனுக்கு வரும்போது ஒரெக்ஸினின் வரைபடம் பெரிதும் தாங்கி நிற்கிறது. ஒரெக்ஸின்-ஏ எலியிலும் மனிதனிலும் ஒரே அமினோ அமில வரிசை. மனித மூளையில் அணுக்கள் 50,000 முதல் 80,000 வரை என்று கணக்கிடுகிறார்கள்; இருப்பிடம் அதே பக்கவாட்டு ஹைப்போதலாமஸ். ஆனால் ஆய்வக எலி இரவில் விழிக்கும் பிராணி. பகலில் இயங்கும் ஆப்பிரிக்கப் புல்லெலியையும் இரவுக் கொறிணிகளையும் ஒப்பிட்ட ஆய்வுகளில் அணுக்களின் இருப்பிடம் பெரும்பாலும் ஒத்துப்போக, இழைகளின் பரவலில் இனத்துக்கு இனம் வேறுபாடு தெரிகிறது. ஒரு இனத்தின் வரைபடத்தை இன்னொன்றுக்குக் கடன் கொடுப்பதில் இழைகளைவிட அணுக்களை நம்பலாம்.

செத்தனவா, மௌனமாயினவா?

இன்று இந்தத் துறையில் சூடான கேள்வி இதுதான்: நார்கோலெப்ஸியில் ஒரெக்ஸின் அணுக்கள் இறந்துபோகின்றனவா, அல்லது உயிரோடு இருந்துகொண்டே பெப்டைடு செய்வதை நிறுத்திவிடுகின்றனவா? ஆன்டிபாடி இரண்டையும் ஒரே வெற்றிடமாகவே காட்டும். 2001இல் ஒரெக்ஸின் அணுக்கள் டைனார்ஃபின் என்ற பெப்டைடையும் சுரக்கின்றன என்று எலியில் தெரியவந்தது. 2005இல் நோயாளிகளின் மூளையில் அந்த இடத்தில் டைனார்ஃபினையும் தேடினார்கள். அதுவும் இல்லை, எனவே அணுக்களே இறந்துவிட்டன என்று முடிவு கட்டப்பட்டது. 2023இல் லோசானில் மெஹ்தி டாஃப்டியின் குழு அந்த முடிவை மறுத்தது. ஒரெக்ஸின் அணுக்களை அழித்த சுண்டெலிகளில், அந்த அணுக்களில் கூடவே இருக்கும் க்யூ.ஆர்.எஃப்.பி. என்ற பெப்டைடின் ஆர்.என்.ஏ.வும் மறைகிறது, ஒரெக்ஸின் மரபணுவை மட்டும் நீக்கியவற்றில் அது அப்படியே இருக்கிறது. நோயாளிகளின் மூளையில் க்யூ.ஆர்.எஃப்.பி. இருந்தது. ஒரெக்ஸின் மரபணுவின் தொடக்கப் பகுதியிலும் டைனார்ஃபின் மரபணுவின் தொடக்கப் பகுதியிலும் மீதைல் குழுக்கள் ஏறி, மரபணு அடைபட்டதற்கான அடையாளமும் இருந்தது.

நோய் எதிர்ப்பு மண்டலமே அணுக்களைக் கொல்கிறது என்ற கருத்துக்கு வேறு வழிகளில் கிடைத்த சான்றுகள் வலுவானவை. ஒரே ஆய்வால் அவை விழுந்துவிடாது. ஆனாலும் என் தீர்ப்பு இதுதான்: ஒரே பெப்டைடைக் கொண்டு வரைந்த படத்தை வைத்து ஒரு அணு ‘இல்லை’ என்று இனி எழுதக் கூடாது. மரபணு நீக்கிய விலங்கில் ஆன்டிபாடி சோதிக்கப்பட்டிருக்க வேண்டும், விலங்கைக் கொன்ற நேரம் குறிப்பிடப்பட்டிருக்க வேண்டும், அதே அணுவின் இன்னொரு அடையாளமும் கூடவே காட்டப்பட்டிருக்க வேண்டும். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும், அச்சில் எவ்வளவு அழகாக இருந்தாலும், அந்த வரைபடத்தை முடிவாக ஏற்கத் தேவையில்லை.